எங்கள் ஜவுளிக்கடையின் துக்க விடுப்பு: உள்ளே வேலை பார்ப்பவள் எழுதும் மதிப்புரை

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையைப் பற்றி, சேலை நல்லா இருக்கா, வண்டி நிறுத்த இடம் இருக்கா, பில் போட எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அங்கே வேலைக்குச் சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு. அதிலும் ஒரே ஒரு விஷயம்: வீட்டில் ஒரு சாவு விழுந்தால் இந்தக் கடை நம்மை எப்படி நடத்தும் என்பது. வேலைக்குச் சேரும்போது சம்பளம் கேட்போம், பி.எஃப். உண்டா என்று கேட்போம், வார லீவு என்றைக்கு என்று கேட்போம். இதை மட்டும் யாரும் கேட்பதில்லை, கேட்க வாயும் வராது. ஆனால் நாலைந்து வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் பெரும்பாலான ஆட்களுக்கு இது வந்துவிடுகிறது.

கடையின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை.

ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு இன்னொரு இடமும் உண்டு. இதற்கு முன்பு ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் கிளையில் இருந்தேன். அப்பா தவறியது அப்போதுதான். நகைக்கடன் கிளைகளில் லாக்கருக்கு இரண்டு சாவி இருக்கும், இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கும், இருவரும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். அதில் ஒன்று என்னிடம். அப்பாவைக் குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்தியிருக்கிறோம், சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், மேனேஜரிடமிருந்து போன். துட்டி விசாரிக்கக் கூப்பிட்டார் என்று நினைத்து எடுத்தேன். "சாவியைக் கொண்டு வந்து குடுத்துட்டுப் போயிருங்க, கஸ்டமர் வெளியே நிக்காங்க" என்றார். யாரையாவது அனுப்புங்கள் சார் என்றதற்கு, சாவி கை மாறினால் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கடைசியில் ஒரு பையன் அந்தப் பதிவேட்டையே பையில் வைத்து எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தான். அப்பாவின் கால்மாட்டில் நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது, அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சாவி அவசரம்தான், வெளியே நின்றவர் பிள்ளையின் கல்யாணத்துக்காக நகையை மீட்க வந்தவராகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் சாவி வைத்திருப்பவர் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வது என்று அந்த நிறுவனத்தில் யாருமே முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. அந்தக் குறை முழுக்க அன்றைக்கு என் தலையில் வந்து விழுந்தது. பிறகு மீதி இருந்த கேஷுவல் லீவையெல்லாம் அதற்கே கழித்து, போதாததற்குச் சம்பளத்திலும் பிடித்தார்கள். ஏன் என்று கேட்டால் பாலிசி அப்படி என்றார்கள். அந்தப் பாலிசியைக் காட்டுங்கள் என்றால் காட்ட ஒன்றும் இல்லை.

இப்போதைய கடையில் அது தாளில் இருக்கிறது. சாப்பாட்டு அறையில், கைரேகை மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில், தமிழில் டைப் அடித்து லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார்கள். அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மாமனார், மாமியார் என்றால் சம்பளத்துடன் ஏழு நாள். தாத்தா, பாட்டி, சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை, சித்தி, பெரியம்மா என்றால் மூன்று நாள். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கோ 41-ஆம் நாள் ஜெபத்துக்கோ தனியாக ஒரு நாள், வருஷம் திரும்பும்போது இன்னொரு நாள். கைச்செலவுக்கு 10,000 ரூபாய் முன்பணம், அதை முதல் மாதச் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். இறப்புச் சான்றிதழ் உடனே கேட்பதில்லை, கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். பத்திரம் மாதிரி பாஷையில் இல்லாமல், பத்தாம் வகுப்போடு நிறுத்திய ஒருவர் வாசித்தாலும் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள், அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதில் ஒரு வரி இருக்கிறது, அதற்கே ஒரு மதிப்பெண் முழுசாகக் கொடுக்கலாம். விடுப்பு நாட்களை அடக்கம் அல்லது தகனம் நடந்த நாளில் இருந்துதான் எண்ணுவார்கள், இறந்த நாளில் இருந்து அல்ல. இடைப்பட்ட நாட்களும் சம்பளத்தோடுதான், அவை கணக்கிலேயே வராது. வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருக்கிறார்கள். அவர் அங்கே கம்பெனியில் சொல்லி, டிக்கெட் போட்டு, திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டி வந்து சேரும்வரை உடல் ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் இருக்கும். மூன்றாம் நாள் எடுப்பதெல்லாம் இங்கே சாதாரணம். இறந்த நாளில் இருந்து மூன்று நாள் லீவு என்று எழுதி வைத்திருக்கிற கம்பெனியில், சுடுகாட்டில் இருந்து வீட்டுக்கு வரும்போதே லீவு முடிந்திருக்கும். எலும்பு பொறுக்கும் சஞ்சயனத்துக்கு நிற்க மறுபடியும் போய்க் கெஞ்ச வேண்டும். அம்மா தவறியபோது என் தம்பி ஷார்ஜாவில் இருந்து வர வேண்டியிருந்தது. அவன் வரும்வரை நான் மார்ச்சுவரி வராந்தாவில் இருந்தேனே தவிர, லீவு எத்தனை ஆச்சு என்று ஒரு தடவைகூட நினைக்க வேண்டி வரவில்லை.

தம்பியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்திலேயே துக்க விடுப்பு இருக்கிறது: கணவனோ மனைவியோ இறந்தால் ஐந்து நாள், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை என்றால் மூன்று நாள், சம்பளத்தோடு. பயண நேரத்தைப் பார்த்தால் அது போதவே போதாது, ஆனாலும் சட்டத்தில் எழுதி இருப்பதால் அவன் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. சவூதியில் ஒரு முஸ்லிம் பெண்ணின் கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாளுக்குக் குறையாமல் முழுச் சம்பளத்துடன் விடுப்பு, முஸ்லிம் அல்லாத பெண்ணுக்கு 15 நாள். நம் நாட்டில் தனியார் வேலையில் இருப்பவர்களுக்குத் துக்க விடுப்பு என்று தனியாக ஒரு சட்டமும் கிடையாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் வந்தது, வருஷத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவும் 12 நாள் நோய் விடுப்பும், ஒரு வருஷம் முடித்தால் சம்பளத்துடன் இன்னொரு 12 நாளும் கொடுக்கச் சொல்கிறது. சாவுக்கும் அதில்தான் எடுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டையும் ஒழுங்காகத் தராத கடைகளே நம் ஊரில் ஏராளம், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அதனால் துக்க விடுப்பு என்பது முழுக்க முழுக்க முதலாளி எழுதி வைப்பதைப் பொறுத்தது. எழுதி வைக்காத இடத்தில் அன்றைக்கு டியூட்டியில் இருக்கிற சூப்பர்வைசரின் மனசைப் பொறுத்தது. என் வாதம் இவ்வளவுதான்: இது யாருடைய மனசையும் நம்பி விடக்கூடாத விஷயம், தாளில் இருக்க வேண்டும். நல்ல மனசுக்காரர் லீவில் இருக்கிற நாளிலும் சாவு வரும்.

லீவு நாட்களை விட, திரும்பி வேலைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் ஒரு கடையின் குணம் தெரியும். எங்கள் தாளில், திரும்பி வந்த முதல் வாரம் எங்கே வேலை பார்ப்பது என்பதை ஊழியரே சொல்லலாம் என்று இருக்கிறது. சேலை செக்‌ஷனில் நிற்கிறவள் விருப்பப்பட்டால் குடோனில் உட்கார்ந்து ரேட் ஸ்டிக்கர் ஒட்டலாம். கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டத்துக்கு முன்னால் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டியதில்லை. அப்புறம், நாம் உள்ளே நுழைவதற்கு முன்பே செக்‌ஷனில் இருக்கிறவர்களிடம் சூப்பர்வைசர் சொல்லி வைத்துவிடுகிறார்: எப்படி ஆச்சு, என்ன வியாதி, கடைசியில் பேசினாங்களா என்று ஆளாளுக்குக் கேட்காதீங்க, அவங்களா சொன்னா கேளுங்க என்று. நம் ஆட்கள் பிரியத்தில்தான் கேட்கிறார்கள், கேட்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள். ஆனால் ஒரே நாளில் இருபது பேருக்கு அதே கதையைச் சொல்கிறவளுக்கு அது ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து நடக்கிறது.

நான் என் பழைய பில் கவுண்டரையே கேட்டு வாங்கினேன். அங்கே யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஜவுளிக்கடை என்றால் கல்யாணமும் பண்டிகையும் மட்டும் இல்லை, இறந்தவருக்குப் போடும் கோடித் துணியும் எங்களிடம்தான் வாங்குவார்கள். கோடி எடுக்க வருகிறவர்களைப் பார்த்ததும் தெரியும். விலை கேட்க மாட்டார்கள், கரை பார்க்க மாட்டார்கள், எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு நேராகப் பில்லுக்கு வருவார்கள். அன்றைக்கு இரண்டு ஆண்கள் ஒரு வெள்ளை வேட்டி, ஒரு துண்டு, ஒரு நூல் சேலை மூன்றையும் என் முன்னால் வைத்து, "கோடிக்கு, சீக்கிரம் போடும்மா" என்றார்கள். அம்மாவுக்குப் போட்டதும் அதே மாதிரி பச்சைக் கரை நூல் சேலை. ஸ்கேனர் கையில் இருக்கிறது, பார்கோடு மேல் பிடிக்க முடியவில்லை. பக்கத்துக் கவுண்டர் அக்கா எழுந்து வந்து, ஸ்கேனரைக் கையில் இருந்து வாங்கி, "மக்ளே, நீ போய் ஒரு சாயா குடிச்சிட்டு வா" என்றார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கும் தாமதம் ஆகவில்லை.

இதை நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அடுத்த மாதம் அந்தத் தாளைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டினார்கள், அதில் ஒரு வரி கூடியிருந்தது: துக்கம் நடந்த வீட்டு ஊழியரை 41 நாள் வரை கோடித் துணி எடுத்துக் கொடுக்கவோ பில் போடவோ வைக்கக் கூடாது. எங்கோ உட்கார்ந்திருக்கிற ஹெச்.ஆர். யாரும் யோசித்து எழுதக்கூடிய விதி இல்லை இது. ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவருக்குத்தான் இது தோன்றும், கேட்டால்தான் தெரியும், கேட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிது.

அந்தத் தாளில் என் காலத்துக்கு முந்தைய ஒரு வரியும் இருக்கிறது: கடலில் காணாமல் போனவர் விஷயத்தில் உடல் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, குடும்பம் சொல்கிற நாளில் இருந்து விடுப்பு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி அடித்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு சேர்த்தது என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவே இல்லை என்று நம் எல்லாருக்கும் தெரியும். கடற்கரைக் கிராமத்தில் இருந்து எங்கள் கடைக்கு வந்த ஒரு பெண்ணின் அண்ணன் அதில் போனவர். ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பது பொது விதி. ஒக்கியில் காணாமல் போன மீனவர் குடும்பங்களுக்கு அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஆனால் ஒரு கடையில் லீவு கேட்டு நிற்கும் தங்கச்சிக்கு, அண்ணன் இறந்துவிட்டான் என்று தன் வாயால் சொன்னால்தான் லீவு என்பது எப்பேர்ப்பட்ட கொடுமை. வீட்டில் அம்மா இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் எந்த நாளைத் துக்க நாள் என்று எழுதிக் கொடுப்பாள்? அந்த வரி வருவதற்கு முன்பு அந்தப் பெண் சம்பளம் இல்லாமல்தான் வீட்டில் இருந்தாள். பிறகாவது எழுதினார்கள்.

தக்கலைப் பக்கத்து அக்கா ஒருவரின் கணவர் இறந்தபோது இத்தா காலம் முழுக்க, அதாவது கணவரை இழந்த முஸ்லிம் பெண் துக்கம் இருக்கும் நான்கு மாதம் பத்து நாள், அவர் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆளைப் போடாமல் வைத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் அதே செக்‌ஷன், அதே சம்பளம். நல்லதுதான். ஆனால் ஏழு நாளுக்குப் பிறகு சம்பளம் கிடையாது. சம்பாதிக்கிற ஆள் போன வீட்டில் நான்கு மாதம் அடுப்பு எப்படி எரியும்? பாதிச் சம்பளமாவது கொடுத்திருக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். செக்‌ஷனில் எல்லாரும் சேர்ந்து பணம் பிரித்துத்தான் கொடுத்தோம், கடை கொடுக்க வேண்டியதை.

குறைகளுக்கு வந்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். பெரிய குறை வருகைப் போனஸ். மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் ஒரு தொகை உண்டு. துக்க விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிக்க மாட்டார்கள், ஆனால் அந்தப் போனஸ் போய்விடும். விற்பனை இன்சென்டிவும் அப்படித்தான், டார்கெட்டைக் குறைக்க மாட்டார்கள். ஓணம் சமயத்திலோ கிறிஸ்துமஸ் சீசனிலோ வீட்டில் சாவு விழுந்தால், சேலை செக்‌ஷனில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வருஷத்தின் நல்ல மாத வருமானமே கை நழுவிப் போகும். அதனாலேயே ஏழு நாளும் எடுக்காமல் நான்காம் நாளே வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். விடுப்பு கொடுத்தோம், அவங்களே எடுக்கலை என்று கடை சொல்வது சரியில்லை. எடுக்க முடியாதபடி வைத்துவிட்டு அப்படிச் சொல்லக் கூடாது.

அடுத்தது, துப்புரவு வேலை பார்க்கும் அக்காமாரும் வாட்ச்மேன் அண்ணன்மாரும் கான்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள், இந்தத் தாள் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களும் அதே சாப்பாட்டு அறையில்தான் சாப்பிடுகிறார்கள், அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே. இது எனக்கு உறுத்துகிறது, முதலாளி அண்ணாச்சியிடமே சொல்லியிருக்கிறேன்.

பாட்டிக்கு மூன்று நாள் என்பதும் நம் ஊருக்குப் பொருந்தாது. அப்பா கல்ஃபில், அம்மா வேலைக்கு, வளர்த்தது முழுக்கப் பாட்டி என்ற பிள்ளைகள் இங்கே எத்தனை பேர். வளர்த்தவர் யாரோ அவருக்கு ஏழு நாள் என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

கருச்சிதைவு பற்றியோ குழந்தை இறந்து பிறப்பது பற்றியோ தாளில் ஒரு எழுத்தும் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கு 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டமே கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு கொடுக்க எழுதி வைத்தது. மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்த கொஞ்ச நாளில் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022-இல் உத்தரவு போட்டது. எங்கள் கடையில் பாதிக்கு மேல் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷமான பெண்கள். வயிற்று வலி என்று இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் வந்து நிற்கிறவர்களில் சிலருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று எங்களுக்குள் தெரியும். தாளில் ஒரு வரி இருந்தால் அவர்கள் பொய் சொல்ல வேண்டி வராது.

ஊழியரே இறந்துபோனால் குடும்பத்துக்கு என்ன செய்கிறார்கள் என்பதில் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். எங்கள் ஃப்ளோரில் இருந்த ஒரு அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். மாலை போட்டுவிட்டு வந்தோம் என்று நிற்காமல், அக்கவுண்ட்ஸில் இருந்து ஒருவர் அவர் வீட்டுக்கே போய், அண்ணியோடு உட்கார்ந்து பி.எஃப். தொகைக்குப் படிவம் 20, பென்ஷனுக்கு 10டி, இன்சூரன்ஸுக்கு 5ஐ.எஃப். எல்லாம் நிரப்பி, நாகர்கோவில் பி.எஃப். ஆபீஸுக்குக் கூடவே போய் வந்தார். பி.எஃப். பிடிக்கிற இடத்தில் வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால், சேமிப்பு போக, இ.டி.எல்.ஐ. என்ற இன்சூரன்ஸில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும், இதற்கு நாம் தனியாக ஒரு பைசா கட்டுவதில்லை. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் என்றால் இறுதிச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு. எத்தனையோ குடும்பத்துக்கு இது தெரியாமலே போகிறது. நீங்கள் எந்தக் கடையில் இருந்தாலும் சரி, இன்றைக்கே பி.எஃப். இணையதளத்தில் போய் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் அம்மா பெயரே நிற்கும்.

இன்னொன்று, தாளின் கடைசியில் 14416 என்ற எண் போட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். எண் போட்டது நல்லது. ஆனால் கடையில் ஃப்ளோரில் போன் வைத்திருக்கக் கூடாது, மத்தியானம் சாப்பாட்டு நேரம் அரை மணி, சாப்பாட்டு அறையில் முப்பது பேர். எங்கே போய்ப் பேசுவது? தையல் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன இடம் காலியாகக் கிடக்கிறது, அதில் ஒரு நாற்காலியும் கதவும் போட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், எங்கள் கடையோ வேறு கடையோ, இண்டர்வியூவில் இதைக் கேட்கத் தயங்காதீர்கள். துக்க விடுப்பு எழுத்தில் இருக்கிறதா, எந்த நாளில் இருந்து எண்ணுவீர்கள், மாமனார் மாமியார் அதில் வருவார்களா, போனஸ் போகுமா. இந்த நாலு கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் தைரியமாகச் சேரலாம். "அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்கிற இடத்தில் அப்போது யாரும் பார்க்க மாட்டார்கள், நான் பட்டுவிட்டேன்.

வருகைப் போனஸ் வெட்டை எடுக்கச் சொல்லியும், கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்க்கச் சொல்லியும் செக்‌ஷன் வாரியாகக் கையெழுத்து வாங்கி அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறோம். பார்க்கிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறார், ஓணம் சீசன் முடிந்ததும் பேசலாம் என்றார். போனஸ் விஷயம் மாறினால் நாலு ஆக்குவேன், துப்புரவு அக்காமாருக்கும் சேர்த்து மாறினால் நாலரை.